அஞ்சு ஐயம்பெருமாளும் மூணு மணிச் சங்கும்

இது சத்தியமா நடந்த கதை, வே. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவேன், பத்து ஆளு நின்ன இடத்துல நூறு ஆளை நிப்பாட்டுவேன். ஆனா ஆளுவ நெசம்.

தொண்ணூத்தி நாலுல, தச்சநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லு. அங்கன கம்ப்யூட்டர் பாத்தவ பிரம்மநாயகி. அவ தட்டுத வேகத்துக்குப் பக்கத்து மேசை டீ தன்னால ஆறிப்போவும். சொல்லாம கொள்ளாம பத்து நாளு வேலைக்கு வராதவன் பட்டியலை அவதான் எடுக்கணும். மூணு மணிச் சங்குக்கு அதை மில்லு கேட்டுக் கதவுல ஒட்டுவாவ. பேரு வந்தா வேலை போச்சு.

அன்னைக்கு ரெண்டே முக்காலுக்கு சீவலப்பேரி ஐயம்பெருமாள் வந்து நின்னாரு. இருவத்திரெண்டு வருசம் ஒரு நாளு தவறாத மனுசன். பியூன் பஞ்சு பட்டியலை எட்டிப் பாத்துட்டு அவர்கிட்ட ஓதிட்டான்.

"எம் பேரும் இருக்காம்ல, தாயி?"

பிரம்மநாயகி பாத்தா. ஒண்ணு இல்ல, அஞ்சு அ. ஐயம்பெருமாள். அஞ்சு பேருமே பதினாலு நாளு வரலியாம்.

சீவலப்பேரில அண்ணன் தம்பி அஞ்சு பேரும் மூத்த மவனுக்குப் பாட்டையா பேரையே வச்சிருக்காவ. அந்த அப்பன்மார் பேரும் அருணாசலம், அம்பலவாணன்னு எல்லாம் 'அ'னாதான். அஞ்சு பேரனும் இதே மில்லு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பாதி மிஷினு நின்னுரும்.

கம்ப்யூட்டர்ல ரெண்டு டேபிளு, அட்டவணைதான். ஒண்ணுல ஆளுவ, இன்னொண்ணுல வந்த நாளு வராத நாளு. ரெண்டையும் ஆளுக்கு ஒண்ணா குடுத்த டோக்கன் நம்பரை வச்சு இணைக்கணும். ஆனா ஒண்ணுல 0412, மத்ததுல 412. ரெண்டும் ஒட்டல. நேத்து அவசரத்துல இவ பேரை வச்சு இணைச்சுப்புட்டா. ஒருத்தன் மட்டம் போட்ட பதினாலு நாளும் அஞ்சு தலையில ஏறிக்கிட்டு.

மேனேஜர் சாய்ராம் பின்னால நின்னு வாட்சைப் பாக்காரு. மிஷினு தப்பே பண்ணாதும்மாங்காரு. இவளுக்கு வேர்த்த வேர்வையில ஆத்துல ரெண்டு படி தண்ணி ஏறிருக்கும். முன்னால நின்ன சைபரையெல்லாம் உருவுனா, பேரைத் தூக்கிட்டு டோக்கனைப் போட்டா. பிரிண்டர் கர்ருன்னு இழுத்துது. ஒத்த ஐயம்பெருமாள். 417.

"நீங்க இல்ல, அண்ணாச்சி."

அவரு நகரல. அந்த 417 அவரு சித்தப்பா மவன்.

குனிஞ்சு பைய சொன்னாரு: "பழசையே ஒட்டிரு, தாயி. அஞ்சு பேருன்னா யூனியன் வந்து பட்டியலையே கிழிச்சுப் போடும், அவனும் பொழச்சுக்கிடுவான். ஒத்த ஆளுக்கு எவன் வருவான்?"

ரெண்டு காயிதமும் அவ கையில. சங்கு ஊதிட்டு. சாய்ராம் கையை நீட்டுதாரு. புதுசை எடுத்துக் குடுத்துட்டா.

டீக்கடையில நான் இதைச் சொல்லி வாயை மூடல, 'அந்தப் புள்ள சரியாத்தான் செஞ்சிருக்கா'ன்னா கடைக்கார ஆவுடைத்தாய். பெஞ்சுல இருந்த அருமைநாயகம் எந்திரிச்சுட்டான்.

"என்னத்த சரி, எக்கா? அந்த 417 காய்ச்சல்ல கெடந்தாம்லா!"

"நீ போயி நெத்தியத் தொட்டுப் பாத்தியோலே?"

அவன் துண்டை உதறுதான், இவ செம்பைத் தூக்குதா. நான் நடுவுல நின்னு ரெண்டு பேர்கிட்டயும் அடி வாங்குதேன்.