திருட ஆளில்லாத பூட்டு

என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை ஊரில் இருக்கிற அத்தனை பேரும் திருடர்கள். அதில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கைதேர்ந்த திருடர்கள். நல்ல வேலையை உதறிவிட்டு, பள்ளிக்கூடங்களுக்குப் பாட அட்டவணை போட்டுத் தரும் புரோகிராம் ஒன்றை எழுதினார். ஒரே வாத்தியாரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புக்கு அனுப்பாமல் அது பார்த்துக்கொள்ளுமாம். எழுதுவதற்கு ஆன நாளைப்போல இரண்டு மடங்கு, அதை யாரும் நகல் எடுக்காமல் பூட்டுப் போடுவதற்கு ஆனது. வீடு அதுவரை என் சம்பளத்தில் ஓடியது.

பூட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஓர் ஊசித் துளை. புரோகிராமைப் பதிந்து விற்கும் ஃபிளாப்பி டிஸ்கின் உறையில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும், அதன் வழியே உள்ளே இருக்கும் கறுப்புத் தட்டு தெரியும். அந்தத் தட்டில் குறிப்பிட்ட இடத்தில் துளை போட வேண்டும். புரோகிராம் ஓடுவதற்கு முன்னால் அந்த இடம் பழுதாக இருக்கிறதா என்று பார்க்கும். பழுதில்லை என்றால் திருட்டு டிஸ்க் என்று முடிவுகட்டி நின்றுவிடும். நகல் எடுப்பவன் எழுத்தை எடுக்கலாம், ஓட்டையை எப்படி எடுப்பான்? இந்த மூளையைப் பார்த்து நான் அசந்துதான் போனேன், பொய் சொல்லக் கூடாது.

துளை போடுவது என் தலையில் விழுந்தது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "தினமும் மனுஷங்களுக்குப் போடறே, இதுக்கும் ஒரு ஊசி போடேன்" என்றார். இடம் தவறாமலிருக்க அட்டையில் ஓர் அச்சு வெட்டிக் கொடுத்தார். லீவு நாளெல்லாம் நான் டிஸ்குகளுக்கு ஊசி போட, அவர் பக்கத்தில் நின்று குறை சொல்வார். "கை நடுங்குது." "துளை கோணல்." "விளிம்பு பிசிறடிக்குது." என் ஊசிக்குக் குழந்தைகள்கூட இவ்வளவு முனகியதில்லை.

வாங்கியவை இரண்டே பள்ளிக்கூடங்கள். அதில் ஒன்றுக்கு என் அக்கா தலைமை ஆசிரியை. வேறு வாங்க ஆளில்லை என்று என் வீட்டுக்காரர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. திருட ஆளில்லை என்பதுதான் அவரை அரித்தது. திருட்டு டிஸ்க் விற்கும் கடைக்கு வாராவாரம் மாறுவேஷத்தில் போவார். மாறுவேஷம் என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது. "பாட அட்டவணை புரோகிராம் இருக்கா?" என்று கேட்பார். "அதையெல்லாம் யாரு சார் கேக்கறா?" என்பார் கடைக்காரர். முகம் தொங்கிப்போய்த் திரும்பி வருவார்.

ஒரு நாள் கம்ப்யூட்டரை உறை போட்டு மூடிவிட்டார்.

"பழைய ஆபீஸ்லயே போய்க் காலைப் பிடிக்கறேன். திருடக்கூட லாயக்கில்லாததை எழுதி வெச்சிருக்கேன்."

சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. என்னை என்ன பாடு படுத்தினாலும், கம்ப்யூட்டர் முன்னால் உலகத்தை மறந்து அவர் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் அதிர்ஷ்டம் நாய் ரூபத்தில் வந்தது. அது கடித்துவைத்து, ஆஸ்பத்திரிக்கு ஊசி போட வந்த ஆளிடம் என்ன தொழில் என்று விசாரித்தேன். டிஸ்க் கடை என்றார். என் வீட்டுக்காரரின் அடையாளத்தைச் சொன்னேன்.

"கண்ணைச் சுருக்கிக்கிட்டு வாராவாரம் வருவாரே, அவரா?"

"அவரேதான். நான் ஒரு டிஸ்க் தரேன். அடுத்த தடவை கேட்டா அதை வித்துடுங்க."

"எனக்கு எதுக்கு சிஸ்டர் வம்பு?"

"உங்களுக்கு இன்னும் பத்து ஊசி பாக்கி இருக்கு. எல்லாம் வயித்துல. எல்லாம் என் கையால."

ஒத்துக்கொண்டார்.

பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து நகல் எடுக்க எனக்கும் தெரியும். அவர் வெளியே போன நேரத்தில் எடுத்தேன். அதே அட்டை அச்சு, அதே ஊசி. நின்று குறை சொல்ல ஆளில்லாததால் கை நிதானமாக இருந்தது. டிஸ்கைக் கடையில் சேர்த்துவிட்டு, "கடைசியா ஒரே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று நானே அவரைக் கிளப்பினேன்.

ஓட்டமும் நடையுமாக வந்தார். "திருடிட்டாங்க! என் புரோகிராமைத் திருடிட்டாங்க!" என்று தெருவிலிருந்தே கத்தினார். மாடி வீட்டுக்காரர் பதறிப்போய் இறங்கி வந்தார். அவரிடம் டிஸ்கைக் காட்டிப் பூரித்தார். கம்ப்யூட்டரின் உறையை உருவி எறிந்துவிட்டு டிஸ்கைப் போட்டார். ஓடியது. அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

பிறகு டிஸ்கை ஜன்னலருகே கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்துத் துளையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க வா. பிசிறு இருக்கா? கோணல் இருக்கா? திருட்டுப் பய, என்ன சுத்தமா போட்டிருக்கான் பாரு!" பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தார். "நீயும் இத்தனை நாளா போடறியே. அவனைப் பாத்துக் கத்துக்கோ."