சனிக்கிழமைக் கொலையும் என் ரசமும்

கல்யாணமாகி நான் தல்லாகுளத்துக் காம்பவுண்டு வீட்டுக்கு வந்தபோது, அங்கே எல்லோரும் ஏதோ பறிகொடுத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் வந்துகொண்டிருந்த துப்பறியும் தொடர் அப்போதுதான் முடிந்திருந்தது. நாலைந்து வாரத்துக்கு ஒரு கொலை, பிறகு வேறு ஆட்கள், வேறு கொலை என்று ஓடிய தொடராம். மறுபடி எப்போது வரும் என்று கேபிள்காரரை வழிமறித்துக் கேட்பார்கள். அவர் அதை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பதுபோல் என் மாமியார் அவரை முறைப்பார்.

புரட்டாசியில் அது புதிதாக ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. மகனுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை கிடைத்ததற்காக மாமியார் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டது. முட்டை வாசம்கூட வாசல்படி தாண்டக் கூடாது. சனிக்கிழமை காலையில் குளித்து, விரதமிருந்து, பெருமாளுக்குப் படைத்துவிட்டு, சாயங்காலம் பக்தியோடு கொலை பார்க்க உட்காருவார்.

முதல் வாரம் முடிந்த மறுநாளே குழாயடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "பழசு மாதிரி இல்லக்கா. அதுல எம்புட்டு பயமா இருந்துச்சு. இது ஒரே அழுகாச்சி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. "பொறு. அந்த மருமக ஒருத்தி இருக்கால்ல, வாயே தொறக்க மாட்டேங்கிறா. அவதான் செஞ்சிருப்பா."

கதையில் கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பெண். அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு எழுந்த புருஷன் சுருண்டு விழுந்து செத்துப்போகிறான். நானும் எழுமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நானும் அதிகம் பேச மாட்டேன். பேசினால் வம்பு என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் கட்டியிருந்த மாதிரி பச்சைச் சேலைகூட என்னிடம் ஒன்று இருந்தது. எனக்கு அந்தத் தொடர் அப்போதே பிடிக்கவில்லை.

அடுத்த வாரம், ரசத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கலந்திருக்கிறது என்று டிவியில் இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்தார். அதற்கடுத்து வந்த நாட்களில் என் வீட்டுக்காரருக்கு வயிறு கெட்டது. வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார். டாக்டர் ஊசி போட்டு, "சாப்பாட்டுல ஏதோ ஒத்துக்கல" என்றார். மாமியார் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அடுப்படியில் எனக்குக் காவல். மிளகை நுணுக்கினால் எட்டிப் பார்ப்பார். பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரியும் வந்து, சும்மா வந்ததுபோல் நின்று, என் ரசச் சட்டிக்குள் ஒரு பார்வை விட்டுப் போவாள். எங்கள் வீட்டு வழக்கப்படி ஆம்பளை சாப்பிட்ட பிறகு மாமியார், அவருக்குப் பிறகுதான் மருமகள். எனக்கு வருவதற்குள் சோறு ஆறி, குழம்பில் காய் இருக்காது. அந்த வழக்கத்தை மாமியாரே மாற்றினார்.

"ஏத்தா, மொதல்ல நீ ஒரு வாய் போட்டுக்க" என்றார். குரலில் பாசம் வழிந்தது. "பிள்ளத்தாச்சியாகப் போறவ, பசியோட இருக்கக் கூடாதுல்ல."

எனக்கா தெரியாது? வீட்டுக்காரருக்குச் சோறு போட்டு, அதன்மேல் ரசத்தை ஊற்றி, அந்தத் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்து நான் விழுங்க வேண்டும். மாமியார் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் விழுங்கிய பிறகுதான் அவர் கை தட்டுக்குப் போகும். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சுடச்சுடச் சாப்பிட்டேன். ஒரு வாயும் ருசிக்கவில்லை.

"புரட்டாசி முடியட்டும். கொஞ்ச நாள் ஒங்க ஆத்தா வீட்ல இருந்துட்டு வா" என்றார் மாமியார் ஒரு நாள். புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்ற பேரோடு எழுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்புறம் நான் எங்கே தலைகாட்டுவது? வீட்டுக்காரரிடம் அழுதேன். "நீங்களுமா என்னையச் சந்தேகப்படுறீங்க?"

"அம்மா கொணம் தெரியும்ல. விடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தேகப்படுகிறார் என்றே நினைத்தேன். அந்த நினைப்பில் உடம்பே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் கோயிலுக்குப் போயிருந்தபோது, வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். இவர் குளித்துக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு அந்தத் தம்பி சொன்னார்: "அண்ணன்ட்டச் சொல்லுங்க மதினி, இனி அந்தப் பரோட்டாக் கடைப் பக்கமே போக வேணாம். அன்னைக்கு அங்க சுக்கா சாப்பிட்ட அத்தன பேருக்கும் வயிறு போயிருச்சு. நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

புரட்டாசியில், பெருமாள் நேர்ச்சையில், ஆட்டுச் சுக்கா. குளித்துவிட்டு வந்தவர் அந்தத் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டால் தலையைத் துவட்டத் தொடங்கினார். தலை காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தார்.

மாமியாரிடம் நானே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கோள் சொல்லி நான் தப்பிக்க வேண்டாம், வீட்டுக்காரர் வாயால் வரட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வாரம் முழுக்க அவர் முன்னால் அந்த ஒரு வாயை விழுங்கினேன், அவர் கண்ணைப் பார்த்தபடியே. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அந்தக் கொலை முடிவுக்கு வந்தது. செத்தவனின் கூட்டாளிதான் கொலைகாரன். மருமகள் நிரபராதி. ஜெயிலிலிருந்து அவள் வெளியே வந்தபோது மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நான் அப்பவே நெனச்சேன். அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தா அப்படியா இருக்கு? பாவிக, என்ன பாடு படுத்திட்டாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஊருக்கெல்லாம் போக வேணாம்த்தா. இங்கனயே இரு" என்றார். டிவிக்காரன் என்னை விடுதலை செய்துவிட்டான்.

சாப்பாடு எடுத்து வைத்தேன். ரசத்தை ஊற்றினேன். பழக்க தோஷத்தில் மாமியார், "மொதல்ல நீ ஒரு வாய்" என்று ஆரம்பித்தார்.

"எதனால வயிறு கெட்டுச்சுன்னு அவுகளுக்கே தெரியும் அத்தே. அவுகளக் கேளுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து, ரசச் சோற்றை அள்ளி வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார். நான் ஒரு வாய்கூட எடுக்காத தட்டு அது. என் சமையல்மேல் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. இருந்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.