டைல்ஸ் கல்லுக்கு அடியில் தார்

வெள்ளை நிறம், ஓரத்தில் நீலக்கோடு. காலடிப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் குளியலறையில் வீட்டுக்காரர் பதித்த டைல்ஸ் கல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. பிள்ளைகளே, அந்தப் பளபளப்பை நம்பித்தான் அவர் ஏமாந்தார். "பீங்கான் தட்டுல தண்ணி எறங்குமா? அடியில தாரு எதுக்கு, வெட்டிச் செலவு" என்று கொத்தனாரை அடக்கி, பழைய தரைமேல் அப்படியே பதிக்கச் சொல்லிவிட்டார். தட்டு ஒரே துண்டு, தரை பல துண்டு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் இடுக்கை அவர் நினைக்கவேயில்லை.

உங்கள் அத்தை, அதாவது என் அக்கா, அப்போது துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்தாள். சாயங்காலம் வரும்போது அவள் உடம்பில் கண்ணின் வெள்ளை மட்டும்தான் வெள்ளை. குளித்தால்தான் சோறு இறங்கும். தெருக்குழாயில் போகிறவன் வருகிறவன் பார்க்கக் குளித்துச் சலித்துப்போய், கதவு வைத்த குளியலறை வேண்டுமென்றே அந்த மாடி வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச நாளில் கீழே குடியிருந்த வீட்டுக்காரர் படுக்கைமேல் சொட்டத் தொடங்கியது. மாடியேறி வந்தார்.

"இன்னாமே, குளிக்கிறியா, கப்பல் கழுவுறியா? நாளைலேந்து தெருக்கொயாயில குளி. இல்லாங்காட்டி வூட்ட காலி பண்ணு."

"ரெண்டும் நடக்காது நைனா. கரியக் கழுவுனா தண்ணி ஓடத்தான் ஓடும். உன் தலைல ஓடுதுன்னா உன் தரையக் கேளு."

நான் பயந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். மறுநாளும் குளித்தாள், அவரும் கத்தினார். கடைசியில் அவரையே உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் போகும் துளையில் துணியை அடைத்து, குடத்தை அவர் கையில் கொடுத்தாள். "என் மேல பழி வேணாம். நீயே ஊத்து."

அவர் ஊற்றினார். தேங்கிய தண்ணீர் போக வழியில்லாமலே குறைந்தது. கீழேயிருந்து அவர் மனைவியின் குரல்: "யோவ், பாயெல்லாம் நனையுதுய்யா! அந்தப் பொம்பளய நிறுத்தச் சொல்லு!"

"ஊத்துறது நான்தாண்டி" என்றார் வீட்டுக்காரர், குடத்தைக் கீழே வைத்து.

கொத்தனாரை வரவழைத்துக் கல்லையெல்லாம் பெயர்த்தார்கள். துளைப் பக்கம் சரிவாகத் தரை பூசி, காய்ந்ததும் சூடான தார் ஊற்றி, கோணி விரித்து, மேலே மறுபடி தார். மூலைகளில் மடித்து, சுவரில் முழங்கால் உயரம் வரை ஏற்றினார்கள். தண்ணீர் கட்டிப் பார்த்து, ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகே கல் பதித்தார்கள்.

இப்போது நம் வீட்டுக் குளியலறைக்கு நான் தார் காய்ச்சுவதைப் பார்த்து, "கல்லு மூடிடுமே, யாருக்குப்பா தெரியப்போவுது?" என்று கேட்டீர்கள். யாருக்கும் தெரிய வேண்டாம். ஒரு பெண் தன் வீட்டில் கதவைச் சாத்திக் குளிக்கும்போது, நிறுத்து என்று சொல்ல எவனுக்கும் சாக்குக் கிடைக்கக் கூடாது. நமக்கு அது போதும்.

புதுத் தரையில் அக்கா முதலில் குளித்த அன்று வீட்டுக்காரர் கீழே தன் அறைக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். உள்ளேயிருந்து அவள் குரல் மாடிப்படி இறங்கி வந்தது:

"இன்னொரு கொடம் ஊத்தட்டா, நைனா?"