ஜூலிக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம்

"நாய்க்குப் படிச்சிக் காட்றதுக்கு ஒரு பொட்டப்புள்ள, அதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?" என்று பெரியப்பா கேட்டார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எதிரே மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அவர் காலடியில் ஜூலி என்ற நாய். நான் ஒரு வரி படிப்பேன், மாமா அதை நாயிடம் சொல்வார். பெரியப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். எங்கள் வீட்டில் அவர் பேசினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா மூட்டை தூக்கினார். அம்மாவும் பெரியப்பா மகளும் முந்திரி உடைக்கப் போனார்கள். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டுப் பட்டு இருவர் உள்ளங்கையும் கறுத்திருக்கும். நானும் பிறகு தங்கச்சியும் பள்ளிக்குப் போனதற்குக் காரணம், பள்ளி எங்கள் தெருக்கோடியிலேயே இருந்தது, அங்கே மதியச் சாப்பாடு போட்டார்கள். அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவது படிக்க பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். பஸ் ஏற வேண்டாம், வெயில் காலம் முடிந்ததும் முந்திரிக் கொட்டகைக்கு வரட்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அப்பா தலையாட்டினார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

இனி நாயின் கதை. மாமா ஒரு என்ஜினீயருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். என்ஜினீயர் வடக்கே மாற்றலாகிப் போனபோது, தேன் நிறத்தில் மொழுமொழுவென்று இருந்த ஜூலியை மாமாவிடம் விட்டுவிட்டுப் போனார். ஜூலி வந்த நாள் முதல் மாமாவுக்கு ஒரே ஆசை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் வருடம் ஒருமுறை நாய்க் கண்காட்சி நடக்கும். அதில் புதியவர்களுக்கென்று ஒரு சுற்று உண்டு. நாயை உட்கார வைக்க வேண்டும், படுக்க வைக்க வேண்டும், தூரத்தில் நின்று கூப்பிட்டால் வர வைக்க வேண்டும். அதில் ஜூலியை இறக்க வேண்டும் என்றார் மாமா. அதற்குப் புத்தகம் வேண்டும் என்றும், தனக்குப் படிக்கத் தெரியாததால் அதை நான்தான் பார்த்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போனோம். மாமா, அத்தை, அவர்களுடைய எட்டு மாதக் கைக்குழந்தை, ஒன்றாம் வகுப்பு படித்த என் தங்கச்சி, நான். தரிசனம் முடிந்து கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்தபோது, தெற்கு வீதியில் ஒரு சத்திரத்துக்குள் புத்தகக் கடை போட்டிருந்தார்கள். மாமா வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார். கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. புத்தகம் இருக்கிற இடத்தில் செருப்போடு போவதாவது?

"கொழந்தைக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, ஜூலிக்கு ஒண்ணு. நீயே பாத்து எடு" என்றார்.

நல்ல புத்தகம் எது என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே கிடையாது. கனமாக இருக்க வேண்டும். படம் குறைவாக இருக்க வேண்டும். படித்தால் கஷ்டமாக இருக்க வேண்டும். ஆகவே கைக்குழந்தைக்குப் பெரியோர் பொன்மொழிகள் அடங்கிய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். அவன் வளர்ந்து படித்துக்கொள்ளட்டும் என்றேன். வளருகிற வரைக்கும் அதை வைத்து அவன் என்ன செய்வான் என்று மாமா கேட்டார். நான் அடுத்த அடுக்குக்குப் போனேன்.

இதற்குள் அத்தை குழந்தையைத் தரையில் விட்டிருந்தாள். அவன் தவழ்ந்து போய், கீழ்த்தட்டில் இருந்த கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இழுத்து, அதன் மூலையை வாயில் வைத்துக்கொண்டான். பக்கத்துக்கு ஒரு படம்: வாத்து, பந்து, குடை. அத்தை பதறிப்போய் அதைப் பிடுங்கி, எச்சிலை முந்தானையில் துடைத்து, சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிடுங்கியதும் குழந்தை வீறிட்டான். திருப்பிக் கொடுத்ததும் வாத்தைப் பார்த்துச் சிரித்தான். எச்சில் பட்ட பொருளை எப்படித் திருப்பி வைப்பது? அது கூடைக்கு வந்தது. அது கிழியாது, நனைந்தாலும் பாழாகாது, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எனக்கோ அதில் எழுத்தே இல்லையே என்றிருந்தது.

தங்கச்சிக்கு நான் எடுத்தது பொது அறிவுக் கேள்வி பதில். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஒரு மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மெல்லிய கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டுக்குட்டியின் மணி தொலைந்துவிடும். அது ஒவ்வொரு பிராணியாகப் போய், 'என் மணியைப் பார்த்தாயா?' என்று கேட்கும். எல்லாப் பக்கத்திலும் அதே வரிதான். இரண்டு பக்கம் எழுத்துக் கூட்டினாள். மூன்றாவது பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அந்த வரியைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் மாமாவிடம், இது ஏமாற்று வேலை, ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் புத்தகம் ஆக்கிவிட்டார்கள் என்று முறையிட்டேன். மாமா தங்கச்சி சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் கூடைக்குப் போனது.

ஆக, மூன்றில் இரண்டு என் விருப்பப்படி நடக்கவில்லை. மூன்றாவதை நான் விடுவதாக இல்லை. நாய் வளர்ப்பைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதை நான் ஒதுக்கினேன். நாய்க்குத் தமிழ் தெரியாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இட்லி விற்கிற அக்காகூட அடுப்பங்கரைக்கு வரும் தெருநாயை 'கோ, கோ' என்றுதான் விரட்டுவார். ஜூலியோ என்ஜினீயர் வீட்டு நாய். அடுக்கின் அடியில் மேலட்டை பாதி கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், ஒரு நாய், பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு போட்டோ, அதன் கீழே ஒரு வரி; கடைசியில் சில பக்கங்கள் வெறும் எழுத்து. மாமா ஒவ்வொரு போட்டோவாக வெகுநேரம் பார்த்தார்.

"இதப் படிச்சிருவியா கண்ணு?"

"படிச்சிருவேன் மாமா."

பொய் இல்லை. எழுத்தைப் பார்த்து எந்த இங்கிலீஷ் வரியையும் சத்தமாகப் படிப்பேன். அர்த்தம் என்பது வேறு விஷயம். அதை மாமா கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பனாற்றங்கரையிலும், மற்ற நாள் மாலையில் எங்கள் வாசலிலும் பயிற்சி நடந்தது. போட்டோவில் நாய் உட்கார்ந்திருந்தால், அதன் கீழே இருக்கிற வரிதான் நாயை உட்காரச் சொல்லும் வரி என்று நான் முடிவு செய்துகொண்டேன். 'ஹோல்ட் த லீஷ் இன் யுவர் ரைட் ஹேண்ட்' என்று படிப்பேன். மாமாவும் மந்திரம் மாதிரி அதைத் திருப்பிச் சொல்வார். ஜூலி உட்காரும். வாரை வலது கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வளர்ப்பவருக்குச் சொன்ன வரி அது. நாய் படுத்திருக்கும் போட்டோவின் கீழே 'டோன்ட் ஷௌட் அட் யுவர் டாக்' என்றிருந்தது. நாயிடம் கத்தாதீர்கள் என்று அர்த்தம். மாமா அதை அக்கரைக்குக் கேட்கும்படி கத்துவார். ஜூலி படுக்கும். நாலு வாரத்தில் மாமாவுக்கு எல்லா வரியும் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் படிப்பதை நாய் கேட்கிறது என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த நாட்களில்தான். மாமா ஜூலியின் தலையைத் தடவினார். கண்காட்சிக்கு நீங்களும் அவசியம் வர வேண்டும், அன்றைக்கு மதியம் பிரியாணி என்று மட்டும் சொன்னார். பெரியப்பா வருவதாகச் சொன்னார்.

மாசி மாதத்தில் கண்காட்சி வந்தது. மைதானத்தில் ஷூ போட்ட மனிதர்கள், சீவி விட்ட நாய்கள். நாங்கள் ஜூலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அப்பாவும் பெரியப்பாவும் வேலிக் கயிற்றை ஒட்டி நின்றார்கள். மாமா என்னைக் கயிற்றுக்கு உள்ளே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், புத்தகத்தோடு நிற்க வைத்தார். புத்தகத்தைத் தாழ்த்தாமல் பிடிக்கச் சொன்னார்.

நடுவர் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. நாயை உட்கார வைக்கச் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். நான் படித்தேன். மாமா, 'ஹோல்ட் த லீஷ் இன் யுவர் ரைட் ஹேண்ட்' என்று ஜூலியிடம் கம்பீரமாகச் சொன்னார். முதலில் ஷூ போட்டவர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஜூலி உட்கார்ந்தது. அடுத்து மாமா, நாயிடம் கத்தாதீர்கள் என்று நாயிடமே கத்தினார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நடுவர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜூலி படுத்தது. மாமா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவதாகத் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டும். ஜூலி நன்றாகத்தான் கிளம்பியது. பாதி வழியில் சுண்டல்காரரின் தூக்கைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பரிசு போயிற்று.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் நடுவர் அம்மா மைக்கோடு மாமாவிடம் வந்தார். நாயைப் பழக்கியது யார் என்று சிரிப்பு அடங்காமல் கேட்டார்.

"நான் இல்லீங்கம்மா. எங்க அக்கா பொண்ணு. அஞ்சாவது படிக்குது. அதுதான் இங்கிலீஷ் படிச்சி சொல்லும், நான் சொல்லுவேன். எங்க குடும்பத்துல மொத மொத படிக்கிறது அதுதாங்க."

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். புத்தகத்தை வாங்கி, போட்டோ இல்லாத ஒரு பக்கத்தைத் திருப்பி, மைக்கை என் வாயருகே வைத்தார். நான் படித்தேன். மூச்சு விடாமல், திக்காமல், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் பக்கம் முழுவதையும் படித்தேன். என் குரல் மைதானத்தின் மறுமுனை மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது. சிரித்தவர்கள் கை தட்டினார்கள்.

"அப்பா வந்திருக்காரா?"

அப்பா கயிற்றைத் தாண்டி வந்தார். மடித்துக் கட்டிய கைலியை அவசரமாக இறக்கி விட்டுக்கொண்டார். "ஆறாவது எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?" என்று அந்த அம்மா கேட்டு, மைக்கை அப்பா பக்கம் நீட்டினார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கீழே பார்த்தார். மைதானம் காத்துக்கொண்டிருந்தது.

"டவுன்லதாங்க. கேர்ள்ஸ் ஸ்கூல்ல" என்றார் அப்பா. அது ஒலிபெருக்கி வழியாக எல்லோருக்கும் கேட்டது.

பிரியாணியைப் பெரியப்பா கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "சபையில சொல்லிட்டான். இனிமே என்னா பண்றது, சேத்துவுடுங்க" என்றார். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை மீறுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா அன்றைக்கு மாமாவின் இலையில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள். ஜூன் மாதம் நான் பஸ் ஏறினேன். என் இங்கிலீஷுக்கு நாய் கட்டுப்பட்டதால்தான் எனக்கு ஆறாவது கிடைத்தது என்று நம்பினேன். அடுத்த சில வருடங்கள் அந்த நம்பிக்கையில்தான் நிமிர்ந்து நடந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் அந்தப் புத்தகம் மறுபடி கையில் கிடைத்தது. பிரித்த உடனே வரிகள் தாமாகவே புரிந்துவிட்டன. காதெல்லாம் சூடாகி மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"நாயி வாயப் பாக்காது கண்ணு. கையத்தான் பாக்கும்" என்று உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார். பக்கத்தில் கிழடாகியிருந்த ஜூலி உடனே உட்கார்ந்தது.

என்ஜினீயர் ஜூலியைப் பழக்கிய வருடங்களெல்லாம் மாமாதான் வாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர். உட்காரச் சொல்ல எந்தக் கைச்சாடை, எந்த வார்த்தை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஏன் அத்தனை பேர் சிரிக்க நின்றீர்கள் என்று கேட்டேன். மாமா காரின் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"சிரிச்சாத்தான் கிட்ட வந்து கேப்பாங்க. கேட்டாத்தான் உன் படிப்பப் பத்தி உங்கப்பா, பெரியப்பா காதுல விழற மாதிரி சபையில சொல்ல முடியும். மைக்க குடுப்பாங்கன்னு நான் நெனைக்கல. அது உன் ராசி."

அந்த மைதானத்தில் நான் என் குரலை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மனிதர், தனக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல் காட்டிக்கொண்டு, ஊர்ச் சிரிப்பு முழுவதையும் தன் மேல் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதுகூட ஒரு குறையாக எனக்குப் படவில்லை. அதற்குத்தான் நான் இருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் நூலக அறிவியல் படித்து முடித்து, போன மாதம் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் எழுதிய முதல் உறுப்பினர் அட்டை மாமாவுடையது. கையெழுத்து போட மட்டும்தான் தெரியும் என்று வெட்கப்பட்டார். அது போதும் என்று சொல்லி, கார்ப் படங்களும் கொட்டை எழுத்துகளும் உள்ள ஒரு புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் சொல்ல அவர் எழுத்துக் கூட்ட, முதல் பக்கம் ஆகிவிட்டது.