வாழைக் கறை பட்ட விரல்

போன கோடையில் களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில், நான் செய்த செயலியை என் கையாலேயே அழித்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. கால்வாய்த் தண்ணீர் முறைவைத்துப் பாயும் ஊர்களுக்காக அந்தச் செயலி. மடை திறப்பவர் தன் போனில் தட்டினால், இப்போது யார் வயலில் தண்ணீர், அடுத்து யார் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முறை வரும்போது மடையில் ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். பிறகு எட்டு நாள் காத்திருக்க வேண்டும்.

எல்லோரும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன், பாராட்டை எதிர்பார்த்து. வாழைப் பக்கக்கன்று அறுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா என்னைக் கண்டதும் வெடித்துவிட்டார்.

"தண்ணி எங்கன வருதுன்னு கேட்டா, எம்பேரு என்ன, ஊரு என்னன்னு கேக்குது. பொண்ணு பாக்கவா வந்துருக்கு? எம் முறை போயிட்டுல்லா!"

முந்தின நாள்தான் செயலியைப் புதுப்பித்திருந்தோம். எல்லோரும் மறுபடி உள்நுழைய வேண்டும். பாஸ்வேர்டு மறந்துவிட்டதா அக்கா என்று கேட்டேன். எவ்வளவு திமிர் எனக்கு!

"நான் மறக்கல பிள்ள. எங் கையப் பாரு."

பத்து விரலிலும் பிசுபிசுவென்று வாழைக் கறை. அந்த விரலுக்குச் சின்ன எழுத்துகள் சிக்கவில்லை. ஒவ்வொன்றாக அடித்து அழிப்பதற்குள் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போயிருந்தது. குலை தள்ளிய வாழைகள் அந்த வெயிலில் இலை துவண்டு நின்றன. இந்தச் செயலியே வேண்டாம் என்று அழிக்கப் பார்த்தார்; அதற்கும் விரல் ஒத்துழைக்காததால் போனை என்னிடமே நீட்டினார். அழித்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

அலுவலகம் திரும்பி, எதுவும் கேட்காமல் திறந்தவுடன் பெரிய எழுத்தில் தண்ணீர் நிலவரம் மட்டும் தெரிய வேண்டும் என்றேன். மேலாளர் சிரித்தார். உள்நுழைவு இல்லாவிட்டால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எப்படிக் காட்டுவதாம். விளம்பரமும் சேர்க்கச் சொன்னார்.

மறுநாள் ஒரு வாழைத்தண்டோடு அலுவலகம் போனேன். அப்போதுதான் வெட்டியது. மேலாளரின் விரல்களில் நன்றாகத் தேய்த்துவிட்டு, "இப்ப தண்ணி யார் வயல்ல இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்றேன். மூன்று முறை தவறாக அடித்தார். வெள்ளைச் சட்டையில் கறை பட்டதும் கத்தினார். வேலை போனாலும் போகட்டும், இந்த உள்நுழைவுத் திரையை இனி நான் வெளியே விடமாட்டேன் என்று நானும் கத்தினேன். வெகுநேரம் கையைக் கழுவிவிட்டு வந்து, நான் கேட்டபடி ஒரு முறை மட்டும் செய்து பார்க்கலாம் என்றார்.

எட்டாம் நாள் அந்த அக்காவின் தோட்டத்துக்கே போனேன். புதிய செயலியை விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டினார். அடுத்தது அவர் வயல். மண்வெட்டியோடு மடைக்கு ஓடினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

இப்போதும் யாராவது செயலியில் இன்னொரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னால், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது கறைக் கையோடு அதற்குப் பதில் சொல்லிக் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.