மாடி போர்ஷனுக்கு ஒரு குடும்பஸ்தன்

காணை பச்சைமுத்துவுக்கு உலகத்தில் இரண்டே இரண்டு வேண்டியிருந்தது. திண்டிவனத்தில் ஒரு வாடகை வீடு, அந்த வீட்டுக்கு ஒரு பெண்டாட்டி. எண்பத்து நாலாம் வருஷத்தில் இதெல்லாம் பேராசை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

வேலை தாம்பரத்தில், ஒரு கம்பெனியில் குமாஸ்தா. விடியுமுன் காணையிலிருந்து சைக்கிள் மிதித்து விழுப்புரம் வந்து, பாசஞ்சரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சம்பளத்துக்கு உண்டான பாதி உழைப்பு தீர்ந்துவிடும். திண்டிவனத்தில் குடியேறினால் தூக்கமாவது மிஞ்சும். அதோடு பனமலை தேவநாதன் தன் மகள் கிருஷ்ணவேணியைக் கொடுக்கிறேன் என்றிருந்தார். "ஸ்டேஷன் பக்கமா ஒரு வூடு பாருங்க தம்பி, மத்ததைப் பேசிக்கலாம்" என்பது அவர் நிபந்தனை.

திண்டிவனத்து வீட்டுக்காரர்களோ, "மொதல்ல பொண்டாட்டிய இட்டுக்கினு வா" என்றார்கள். கல்யாணம் ஆகாதவன் என்று தெரிந்ததும் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கவேண்டுமே! கொல்லைச் சுவர் ஏறிக் குதிப்பதற்கென்றே இவன் சீசன் டிக்கெட் எடுத்து வைத்திருப்பதாக நினைப்பு. பெண் வேண்டுமென்றால் வீடு, வீடு வேண்டுமென்றால் பெண். அடப் போங்கய்யா!

கடைசியில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் சக்கரபாணி அகப்பட்டார். மாடி போர்ஷன் ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தாலும் ஒண்டிக்கட்டைக்கு விடமாட்டேன் என்ற கொள்கைவாதி. அவர் மகன் வேங்கடேசனும் முப்பத்து நாலு வயது ஒண்டிக்கட்டைதான், வேலைவெட்டி இல்லாமல் கூடத்து ஈசிசேரில் படுத்திருந்தான். ஆனால் அவன் சொந்த வீட்டு ஒண்டிக்கட்டை. அதற்குச் சட்டம் வேறு.

"பொண்ணு வூட்டாரை இட்டுக்கினு வா தம்பி. ஒரு வார்த்தை கேட்டுட்டு சாவி தர்றேன்" என்றார் சக்கரபாணி.

பச்சைமுத்து பூரித்துப் போனான். ஞாயிற்றுக்கிழமை தேவநாதன் வந்தார். குடியிருக்கப் போகிறவள் பார்க்கட்டும் என்று கிருஷ்ணவேணியையும் கூட்டி வந்திருந்தார். அவள் மாடியேறிப் பார்த்துவிட்டு வந்து, "சமையக்கட்டு வெளிச்சமா இருக்குதுங்க" என்றாள். அப்பாவிடம் சொல்லவில்லை, இவனிடம் சொன்னாள். அன்றைக்குத் தாம்பரத்துக்கு நடந்தே போகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பான்.

கீழே காபி வந்தது. கூடவே சக்கரபாணியின் விசாரணையும் வந்தது.

"உங்க வூட்டுக்காரம்மா பொறந்த ஊரு எது?"

"முகையூருங்க" என்றார் தேவநாதன்.

"தம்பி, உங்க அம்மா?"

"அவங்களும் முகையூர்தான் சார்." பச்சைமுத்து இதைப் பெருமையாக வேறு சொன்னான், மடையன்.

சக்கரபாணி கண்ணை மூடிக்கொண்டார். விரலை மடக்கி மடக்கி, முகையூரில் செத்துப்போனவர்களையெல்லாம் எழுப்பி உட்காரவைத்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"அம்மாங்க பொறந்த ரெண்டு வூடும் பாகம் பிரிஞ்ச பங்காளிங்க. அப்போ அம்மாங்க அக்கா தங்கச்சி. பசங்க அண்ணன் தங்கச்சி ஆவுறாங்களே! நல்லவேளை, தாலி கட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது."

"அய்யய்யோ!" என்று தேவநாதன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊர்ல யாரும் அப்படிச் சொல்லலியே சார்" என்றான் பச்சைமுத்து.

"மொறை தெரிஞ்சவங்க இப்ப யாருப்பா இருக்காங்க?"

இவர் முகையூர் மண்ணை மிதித்ததுண்டா என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. இரண்டாவது காபி ஆறுவதற்குள், தேவநாதன் தனக்கு மச்சான் முறை என்பதையும் சக்கரபாணி கண்டுபிடித்துவிட்டார். என்ன ஞானம்! ஈசிசேரிலிருந்து வேங்கடேசன் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். சொந்த வீடு, மாடி போர்ஷன், அதன் வாடகை என்று தேவநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கிருஷ்ணவேணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தை மாசம் கல்யாணம். உடன்பிறந்தவன் இல்லாத பெண்ணுக்கு அண்ணன் அகப்பட்டுவிட்டதால், மாப்பிள்ளை வேங்கடேசனுக்கு மாலை போட்டு அழைத்து வரும் மரியாதை பச்சைமுத்துவுக்குக் கிடைத்தது. பல்லைக் காட்டிக்கொண்டு செய்தான்.

பந்தி முடிந்ததும் சக்கரபாணி அவன் கையில் மாடிச் சாவியை வைத்தார்.

"இனிமே நீ வேத்தாளா? பொண்ணுக்கு அண்ணன், எனக்கு மருமவன் மொறை. சார்னு கூப்புடாத, மாமான்னு கூப்புடு. வாடகை மட்டும் ஒண்ணாந்தேதி வந்துடணும்."

மானஸ்தனாக இருந்தால் சாவியை அவர் முகத்தில் விட்டெறிந்திருப்பான். பச்சைமுத்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். ரயிலுக்குக் கிட்ட என்று ஊரில் காரணம் சொன்னான். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டான்.

குடிவந்த மறுநாள் விடிகாலை, டிபன் பாக்ஸோடு மாடியிலிருந்து இறங்கினான். கிருஷ்ணவேணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வேங்கடேசனின் குறட்டை தெருவரைக்கும் கேட்டது.

"இன்னாண்ணே, இருட்டுலயே கெளம்பிட்ட? ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போறியா?" என்றாள்.

"வேணாம் தங்கச்சி" என்றான் பச்சைமுத்து. ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே போனான்.