பதினோராவது கிலோமீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, கண்ணேறு எதையும் நான் நம்பியதில்லை. செனாய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கருவி தப்பாகக் காட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், எனக்குத் தெரிந்த பக்தி அவ்வளவுதான். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

போன வருடம் கோத்தா திங்கியில் நடந்த அரை மராத்தான், இருபத்தொரு கிலோமீட்டர். அதுவரை என் சிறந்த நேரம் இரண்டு மணி ஆறு நிமிடம். இரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான்கு பந்தயங்களில் முயன்று நான்கிலும் தோற்றிருந்தேன். இந்த முறை பெயர் கொடுக்கவே தவறிவிட்டேன், பதிவு மூடிவிட்டது. தேவி அண்ணி கொடுத்திருந்தார். அண்ணனின் மனைவி, ஸ்கூடாயில் நாங்கள் மூவரும் ஒரே வீடு, என்னைவிட நன்றாக ஓடுவார். பெயர் கொடுத்த பிறகுதான் வயிற்றில் குழந்தை என்று தெரிந்தது. பந்தயத்தின்போது ஐந்தாம் மாதம், ஆகவே அவருடைய எண் அட்டையைக் குத்திக்கொண்டு நான் ஓடுவது என்று முடிவானது. விதிப்படி கூடாதுதான், ஆனால் ஓடுகிறவர்களில் பாதிப்பேர் எப்போதாவது செய்திருப்பார்கள்.

முந்தின நாள் மாலை அண்ணியே எண் அட்டையை என் சட்டையில் ஊக்கு வைத்துக் குத்தினார். எண்ணுக்குக் கீழே அவர் பெயர். பின்பக்கம் அவருடைய ரத்த வகை, அவசரத்துக்கு அண்ணனின் தொலைபேசி எண். காலுறையிலிருந்து உப்பு மாத்திரை வரை பட்டியல் போட்டு டிக் அடித்த எனக்கு, அந்தப் பின்பக்கத்தை மாற்றி எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

"என் பேர்ல ஓடுற, ஞாபகம் வச்சுக்க. ரெண்டு மணியத் தாண்டினா வீட்டுப் பக்கம் வந்துடாத லா," என்றார்.

"கெட்ட பேரு உங்களுக்குத்தானே அண்ணி, எனக்கென்ன."

வயிற்றை லேசாகத் தட்டினார். "கேட்டுக்க, உங்க அத்தை பேசுற பேச்ச."

காலை ஐந்தரைக்குப் பந்தயம் தொடங்கியது. முதல் பத்து கிலோமீட்டர் திட்டமிட்டபடியே போனது, எப்போதும் போல மூச்சிரைத்தது, எப்போதும் போல வலது முழங்கால் முனகியது. நெஞ்சில் கட்டியிருந்த பட்டை துடிப்பை அளந்து அனுப்ப, கைக்கடிகாரம் நிமிடத்துக்கு நூற்று எழுபத்திரண்டு என்றது. பதினோராவது கிலோமீட்டரில் பாதை செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பியது. அங்கேதான், நம்பினால் நம்புங்கள், கால்களில் இருந்த எடை போய்விட்டது. குறைந்தது என்று சொல்லவில்லை, போய்விட்டது. வேகம் தானாகக் கூடியது, மூச்சு மூக்கு வழியாக அமைதியாக வந்து போனது, துடிப்பு நூற்றுப் பதினெட்டு. நெஞ்சுப் பட்டை பழுதாகிவிட்டது என்று நினைத்தேன், வேறென்ன நினைப்பேன்? ஓடிக்கொண்டே கழுத்தில் விரல் வைத்துப் பதினைந்து வினாடி எண்ணினேன். ஏறக்குறைய முப்பது. பட்டை சரியாகத்தான் இருந்தது.

அதுவரை எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கடந்தேன், எங்கள் ஆள்தான், தமிழர். அவர் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மூச்சு விடுறியா இல்லையா?" என்றார். வேடிக்கையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஏழு மணி மூன்று நிமிடத்துக்குக் கடிகாரம் அதிர்ந்தது, கைபேசிக்கு அழைப்பு. அண்ணன். பதினேழாவது கிலோமீட்டரில் இருந்தேன். நின்று பேசினால் இரண்டு நிமிடம் போகும். அப்போதிருந்த வேகத்தில், இரண்டு நிமிடம் இழந்தாலும் இரண்டு மணிக்குள் வந்துவிடுவேன், அந்தக் கணக்கைக்கூட அந்த இடத்திலேயே போட்டேன். போட்டும், அழைப்பைத் துண்டித்தேன். இன்னும் நல்ல நேரம் கிடைக்கும்போது விட மனம் வரவில்லை. மறுபடி அதிர்ந்தது, மறுபடி துண்டித்தேன். மூன்றாவது முறை அறிவிப்புகளையே அணைத்துவிட்டேன்.

ஒரு மணி ஐம்பத்து நான்கு நிமிடம். கோட்டைத் தாண்டி நின்றேன், யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள், முதல் பத்து கிலோமீட்டரில் நனைந்த சட்டை முதுகில்கூடக் காய்ந்திருந்தது. இடுப்புப் பையிலிருந்து கைபேசியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். மருத்துவமனையில் இருந்தார்.

ஆறரை மணிக்கு மேல், தூங்கிக்கொண்டிருந்த அண்ணிக்குத் திடீரென்று மூச்சு வாங்கியிருக்கிறது. எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, படுக்கை வியர்வையில் தெப்பம். அண்ணன் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே கருவியை மாட்டியபோது துடிப்பு நூற்று எண்பதைத் தொட்டிருக்கிறது, எதைக் கொடுத்தும் இறங்கவில்லை, குழந்தையின் துடிப்பும் தடுமாறத் தொடங்கியது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"இப்பதான் சரியாச்சு. மருந்தும் இல்ல ஒண்ணும் இல்ல, தன்னால இறங்கிடுச்சு," என்றார் அண்ணன்.

எப்போது என்று கேட்டேன். தாதி நேரத்தை எழுதியிருந்தார்: ஏழு இருபத்து நான்கு. நான் கோட்டைத் தாண்டிய நிமிடம்.

மருத்துவமனைக்குப் போனபோது அண்ணி உறங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் போர்வையின் நுனியைத் தூக்கிக் காட்டினார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம், ஒன்று உடைந்து நீர் வடிந்திருந்தது.

"கட்டில்ல படுத்திருந்தவளுக்கு எப்படி ரூபா இது வரும்?"

என் கால்களில் ஒரு கீறல் இல்லை. அவர் அடுத்ததாக, ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டார். பையில் இருந்தது, தெரியவில்லை என்றேன். அது பொய் என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன்.

பிறகு நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். நெஞ்சுப் பட்டையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன், ஒரு துடிப்புகூடப் பிசகவில்லை. அண்ணிக்கு ரத்தம், தைராய்டு, இதயம் எல்லாம் பார்த்தார்கள், எல்லாம் சாதாரணம். என் கடிகாரத்தின் துடிப்பு வரைபடத்தையும் மருத்துவமனைத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாதி ராத்திரி வரை பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன்.

பாப்பா நல்லபடியாகப் பிறந்தாள், இப்போது தவழ்கிறாள். பந்தய முடிவுப் பட்டியலில் அந்த நேரம் அண்ணியின் பெயரில்தான் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், "நான் படுத்துக்கிட்டே ஓடின டைம் அது," என்று சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

அந்த எண் அட்டைதான் காரணம் என்று ஒருவழியாக என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தயம் கிடையாது, எண் கிடையாது, ஸ்கூடாயில் தனியாகப் பயிற்சிக்கு ஓடினேன். எட்டாவது கிலோமீட்டரில் கால்கள் இலேசாகின. அந்த அடியிலேயே நின்றேன். அண்ணியைக் கூப்பிட்டேன், பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார், இருவரும் நன்றாக இருந்தார்கள். அண்ணன் நன்றாக இருந்தார். மூவாரில் இருக்கும் அம்மா, அப்பாவும். சாலையோரத்தில் உட்கார்ந்து கைபேசியில் பட்டியல் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன், பத்தொன்பது பேர். தூக்கத்தைக் கெடுத்ததற்குச் சிலர் திட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

யாரை விட்டுவிட்டேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.